பாம்பு யார் வீட்டுச் சொத்து?: கலைக்களஞ்சியமும் ஆட்டங்களின் வரலாறும்

களஞ்சியம் என்பது நெல்லோடு சேர்ந்த சொல். களத்தில் அடித்த நெல்லெல்லாம் களஞ்சியத்துக்குப் போவதில்லை. அறுத்தவர்களுக்கு அளக்கிற கூலி களத்துமேட்டிலேயே பிரிந்துவிடும். பதர் காற்றில் போகும். சிந்தினதைக் கோழியும் குருவியும் பார்த்துக்கொள்ளும். மிச்சம்தான் குதிருக்குள் இறங்குகிறது, அந்தக் குதிர் இருக்கிற வீட்டுச் சாவி ஒருவர் இடுப்பில் இருக்கிறது. அறிவைத் தொகுக்கிற நூலுக்குக் 'கலைக்களஞ்சியம்' என்று பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் சொல் தன் பழைய வேலையை விட்டுவிடவில்லை என்றே தோன்றுகிறது. எது உள்ளே போகிறது, எது களத்தோடு நின்றுபோகிறது, யார் அளக்கிறார்கள் என்கிற கேள்விகளை அது இன்னும் தன்னோடு தூக்கிக்கொண்டு திரிகிறது.

ஆட்டங்களைப் பற்றி, அதிலும் வீடியோ கேம்களைப் பற்றி, கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதுகிற வேலையை இந்தப் பக்கங்களில் பேச எடுத்தால் சிரிப்பார்கள் என்று தெரியும். கூலி உயர்வு பேசவேண்டிய இடத்தில் கேம் என்னய்யா கேம் என்று ஒரு தோழர் நேரிலேயே கேட்டார். நானும் கூலியைப் பற்றித்தான் பேசப்போகிறேன் தோழர் என்றேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

2001இல் தொடங்கிய ஆங்கில விக்கிப்பீடியாவில் வீடியோ கேம் கட்டுரைகளுக்கென்றே ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது. காசு வாங்காமல் இரவு விழித்து எழுதுகிறவர்கள். 'சிறப்புக் கட்டுரை' என்ற தகுதி பெற்ற அவர்களுடைய கட்டுரைகள் நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரே எலும்புக்கூடு: ஆட்டமுறை, கதை, உருவாக்கம், வெளியீடு, வரவேற்பு, பின்விளைவு. ஒரே பெயரில் இரண்டு மூன்று நான்கு என்று கேம் வந்துகொண்டிருந்தால் அதற்குத் 'தொடர்' என்று தனிக் கட்டுரை, அட்டவணையோடு. ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் சான்று. 1983இல் வந்த ஏதோ ஒரு கணினிப் பத்திரிகையின் பக்க எண்ணைத் தேடிப் பிடித்துப் போடுகிறார்கள். கிண்டல் செய்யவேண்டிய காரியம் அல்ல இது. பத்து இதழ் நடத்தி நிறுத்திய நம்மாட்கள் பலரிடம் தங்கள் இதழே ஒரு முழுத் தொகுப்பாக இல்லை.

நான் நிற்க விரும்புவது 'உருவாக்கம்' என்கிற அந்த ஒரு தலைப்பின்கீழ். அங்கேதான் ஆசிரியன் நுழைகிறான். ஆசிரியன் என்பது ஆள் அல்ல, பிரதிகளின்மேல் வேலைசெய்கிற ஒரு செயல்பாடு என்று பூக்கோ 1969இல் பேசியதை நம் இதழ்கள் போதுமான அளவு மொழிபெயர்த்துவிட்டன. ஆனால் அந்தச் செயல்பாட்டைக் கைப்பற்ற ஆட்கள் சண்டை போட வேண்டியிருந்தது என்பதைக் கேம்களின் வரலாறு சொல்கிறது. எழுபதுகளில் அடாரி நிறுவனம் தன் கேம்களில் நிரல் எழுதியவர் பெயரைப் போடவில்லை. வாரன் ராபினெட் என்கிற பணியாளர் 'அட்வென்ச்சர்' என்ற கேமுக்குள், நிர்வாகத்துக்குத் தெரியாமல், ஒரு ரகசிய அறையைக் கட்டி அதில் தன் பெயரை எழுதிவைத்துவிட்டு வேலையிலிருந்து விலகிப் போனார். கேம் 1980இல் வெளிவந்து, ஆடிய ஒரு பையன் அறையைக் கண்டுபிடித்த பிறகுதான் கம்பெனிக்கே விஷயம் தெரிந்தது. அதற்கு முன்னமே, 1979இல், பெயரும் நியாயமான பங்கும் கேட்டுக் கிடைக்காத நான்கு பேர் அதே அடாரியிலிருந்து வெளியேறி ஆக்டிவிஷன் என்று தனியாகத் தொடங்கி, அட்டையிலேயே ஆக்கியவர் பெயரைப் போட்டார்கள். ஆக, இன்றைக்குக் களஞ்சியக் கட்டுரையில் 'உருவாக்கியவர்' என்று சாதாரணமாக ஒரு பெயர் நிற்கிறதே, அது சும்மா வந்து நிற்கவில்லை. அதுவும் ஒரு கூலித் தகராறின் விளைவுதான்.

தகராறு அந்த இடத்தோடு நின்றுபோய்விட்டது என்பது வேறு.

நம் பக்கத்துக்கு வருவோம். பாம்பு கேம். 1997இல் நோக்கியா 6110 போனுக்காக, அந்தக் கம்பெனியில் வேலைபார்த்த தனெலி அர்மான்டோ எழுதியது. கருத்து அவருடையது அல்ல. 1976இலேயே 'பிளாக்கேட்' என்ற கேம் அமெரிக்கக் கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டியாக நின்றது. இருந்தாலும் நம் தலைமுறைக்குப் பாம்பு என்றால் நோக்கியாதான். பள்ளிப்பட்டில் எங்கள் தெருவுக்கு முதலில் வந்த போன் ஒரு தறிக்காரர் வீட்டுடையது. பாவு ஓடும்போது சட்டைப்பையில் இருக்கும். நாடா அறுந்து தறி நின்றால் வெளியே எடுத்துப் பாம்பு ஆடுவார். நாங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்போம். அழைப்பு வருவது அபூர்வம். வந்தால் பாம்பு செத்துப்போச்சே என்று அவருக்குக் கோபம் வரும்.

2006இல் அந்தப் போன்கள் எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள்ளாகவே தயாராக ஆரம்பித்தன. ஸ்ரீபெரும்புதூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் நோக்கியா தொழிற்சாலை. உச்சத்தில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர், பெரும்பாலோர் இளம்பெண்கள். 2009லும் 2010லும் வேலைநிறுத்தங்கள். 2010இல் ஓர் இளம்பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி இறந்தார். வருமான வரித் தகராறில் ஆலை முடக்கப்பட்டது. 2014இல் நோக்கியாவின் போன் வணிகத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் விற்பனைக்கு வெளியே நின்றது. அதே ஆண்டு நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. கம்பெனி பஸ்ஸுக்காக விடியுமுன்னே சாலையில் நின்ற பெண்களை வடமாவட்டக் கிராமங்களில் வளர்ந்த யாரும் பார்த்திருப்பார்கள். இருபத்தைந்து வயதுக்குள் 'அனுபவம் உள்ளவர்' ஆகி வீடு திரும்பியவர்கள்.

பாம்பு பற்றிய களஞ்சியக் கட்டுரையில் இவர்களுக்கு இடமில்லை. அவர்கள் கேமை உருவாக்கலையே, போனைத்தானே பூட்டினாங்க என்று உடனே மறுப்பு வரும். நியாயமான மறுப்பு போலத்தான் தெரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாம்பின் பெருமையைச் சொல்லும்போது எப்படிச் சொல்கிறார்கள்? அது இத்தனை கோடிப் போன்களில் இருந்தது, ஆகவே உலகில் மிக அதிகம் பேர் ஆடிய கேம்களில் ஒன்று என்று. அந்தக் கேம் தனியாக விற்கப்பட்டதே இல்லை. போனோடு போன் ஆகத்தான் போனது. அப்படியானால் எண்ணிக்கை வேண்டும்போது போனைச் சேர்த்துக்கொள்வது, கைகளை எண்ண வேண்டிய இடத்தில் போனைக் கழற்றிவிடுவது என்ன கணக்கு? 'ஆக்கம்' என்பதற்கும் 'உற்பத்தி' என்பதற்கும் நடுவே ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோடு இயற்கையானது அல்ல. அது பின்லாந்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே ஓடுகிறது. கணினி முன்னால் இருப்பவனுக்கு எல்லாம் சுகம் என்றும் அர்த்தமில்லை. கேம் கம்பெனிகளில் வெளியீட்டுக்கு முந்திய மாதங்களில் நடக்கும் வரைமுறையற்ற வேலைநேரத்தை 2004இல் ஒரு பணியாளரின் துணைவி பகிரங்கமாக எழுதி, அது வழக்குகள் வரை பேசப்பட்டது. அவருடைய எழுத்து இன்று களஞ்சியத்துக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, பத்திரிகைகள் எடுத்துப்போட்டன, ஆகவே சான்று கிடைத்தது. கம்பெனி பஸ்ஸில் போனவர்கள் எழுதியிருந்தாலும் யார் எடுத்துப்போட்டிருப்பார்கள்?

களஞ்சியம் எப்போதுமே கைகளைக் கண்டுகொள்ளாத வடிவம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1751இல் தொடங்கி 1772 வரை வெளிவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர் தீதரோ, கத்தி செய்யும் குடும்பத்துப் பிள்ளை. தொழில்களைப் பற்றிய கட்டுரைகளுக்காகப் பட்டறைகளுக்குப் போய் வேலைக்காரர்களைக் கேட்டு எழுதுவது என்பதை ஒரு திட்டமாகவே அவர் அறிவித்தார். காலுறை பின்னும் இயந்திரம் பற்றிய நீண்ட கட்டுரை அவரே எழுதியது. ஒவ்வொரு ஊசியும் எப்படி அசைகிறது என்று பக்கம் பக்கமாக. தறி ஓட்டும் வீட்டில் பிறந்த யாரும் அதைப் படித்தால் மனம் இளகிவிடும். கூடவே பதினொரு தொகுதிகள் படங்கள். அந்தப் படங்களைப் பற்றி ரோலான் பார்த் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். உடம்பிலிருந்து கழன்ற கைகள் வேலைப்பொருளைச் சுற்றி மிதந்துகொண்டிருப்பதை அவர் கவனிக்கிறார். கை இருக்கிறது, கையின் சொந்தக்காரர் இல்லை. இருநூற்றைம்பது வருஷம் கழித்து நாம் அந்தக் கையையும் அழித்துவிட்டோம்; அதற்குப் பெயர் முன்னேற்றம்.

சரி, தமிழ் என்ன செய்தது? நம் களஞ்சிய வரலாறு யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் 'அபிதானகோசம்', 1902. பிறகு பச்சையப்பன் கல்வி நிலையத்தில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி', 1910, பாண்டித்துரைத் தேவர் உதவியோடு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக. இரண்டும் பெரும்பாலும் புராணப் பாத்திரங்கள், புலவர்கள், அரசர்கள், தலங்கள். இவற்றில் இருப்பவர்கள் யாரும் வேலை செய்வதில்லை, தவம் செய்கிறார்கள் அல்லது போர் செய்கிறார்கள். சுதந்திரத்தை ஒட்டி, தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் முன்னின்று நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு 'கலைக்களஞ்சியம்' வெளியிட்டது. 1954இல் முதல் தொகுதி, 1968இல் பத்தாவது. அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுகிறவர்கள் ஒரு தொகுதியையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். இயற்பியலுக்கும் உடற்கூற்றுக்கும் இல்லாத சொற்களை உண்டாக்கிப் போட்டார்கள். ஆனால் வெளியிட்ட கழகத்தின் பெயரிலேயே ஒரு சொல் உறுத்துகிறது: வளர்ச்சி. அறிவு எங்கோ வளர்ந்திருக்கிறது, தமிழ் அதை எட்டிப் பிடிக்க வேண்டும் என்கிற ஓட்டப்பந்தய மனநிலை. அதே 'வளர்ச்சி' பிறகு சிப்காட் பலகைகளிலும் ஏறிக்கொண்டது.

அதே 1954இல்தான் இன்னொரு புத்தகமும் வந்தது என்பதை யாரும் சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தேவநேயப் பாவாணரின் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்'. ஆண்பாற் பகுதி, பெண்பாற் பகுதி, இருபாற் பகுதி. அதற்குள் பகலாட்டு, இரவாட்டு என்று பிரித்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆடுவார் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை, ஆட்டுத் தோற்றம் என்ற மாதிரித் தலைப்புகள் போட்டு எழுதிக்கொண்டு போகிறார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வீடியோ கேம்களுக்காக இணையத்தில் வகுத்துக்கொண்ட எலும்புக்கூட்டைத் தனி ஆளாக, கோலிக்கும் சில்லாங்குச்சிக்கும் அவர் போட்டு வைத்திருக்கிறார்! பாவாணரின் மொழித் தூய்மைவாதம்மேல் எனக்குத் தகராறு உண்டு. 'ஆட்டுத் தோற்றம்' என்று அவர் சொல்வதில் பலவும் ஊகம், ஆட்டத்தை ஏதாவது ஒரு போரிலோ தொழிலிலோ கொண்டுபோய் முட்டுக்கொடுக்கும் ஊகம். ஆனால் அந்த ஊகத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆக்கியவன் பெயர் இல்லாத ஆட்டத்துக்கு ஆக்கியது யார் என்ற கேள்வியை அவர் கைவிடவில்லை. ஊரே ஆக்கியது என்று பதில் சொல்கிறார்.

பெயர் இல்லாத ஆட்டத்துக்கு என்ன நடக்கும்? தாயத்தின் சொந்தக்கார ஆட்டமான பச்சீசியைப் பாருங்கள். 1874இல் 'பார்ச்சீசி' என்று அமெரிக்காவில் வணிகச் சின்னமாகப் பதிவாகிறது. 1896இல் 'லூடோ' என்று இங்கிலாந்தில் காப்புரிமை. 2016இல் 'லூடோ கிங்' என்று மும்பைப் பக்கத்து கேமீஷன் நிறுவனம் செயலியாக்குகிறது. 2020 ஊரடங்கில் நாடே அதை ஆடியது. களஞ்சியத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு, உரிமையாளர் உண்டு. சாணி மெழுகின திண்ணையில் கரியால் கட்டம் போட்டு ஆடின தாயத்துக்கு 'பழங்காலம் முதல்' என்ற ஒரு சொற்றொடர்தான். காப்புரிமை எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் 'உருவாக்கம்' தொடங்குகிறது. அதற்கு முந்தியதெல்லாம் வரலாறு ஆகாது, மரபு.

தொடர் என்று பேசினோமே, பல்லாங்குழியை விடவா ஒரு தொடர்? பசுப்பாண்டி, கட்டுப்பாண்டி, ராஜபாண்டி, காசிப்பாண்டி, ஒற்றை ஆளாக ஆடுகிற சீதைப்பாண்டி. ஒரே பலகை, பதினான்கு குழி, புளியங்கொட்டையோ சோழியோ குன்றிமணியோ. ஒவ்வொன்றுக்கும் வேறு விதி, வேறு மனநிலை. சீதைப்பாண்டியில் எதிராளி கிடையாது; காய் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். தனியாக உட்காரவைக்கப்பட்டவளின் ஆட்டம் அது. தொ. பரமசிவன் பல்லாங்குழியைப் பற்றி எழுதிய கட்டுரையில் தனிச்சொத்துரிமை உருவாவதை அந்தக் குழிகளில் படித்துக் காட்டினார். சமமாகத் தொடங்கி ஒருத்தி குழி காலியாக முடிகிற ஆட்டம். இத்தனை பொருள் கிடக்கிற ஒரு 'தொடருக்கு' எண் போட்ட அட்டவணை யாரும் தயாரிக்கவில்லை. பெண்கள் ஆடியது, உட்கார்ந்து ஆடியது, பரிசு கிடையாது.

இதில் சான்று என்கிற பிசாசு வேறு. விக்கிப்பீடியாவின் அடிப்படை விதி: ஏற்கெனவே வெளியான, நம்பத்தக்க, சார்பற்ற சான்று வேண்டும். 2011இல் பெங்களூரைச் சேர்ந்த அச்சல் பிரபலா இதை நேராகச் சீண்டினார். அவருடைய குழு 'மக்களே அறிவு' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு படம் எடுத்தது. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆட்களிடம் பேசிப் பதிவுசெய்து, அந்தப் பேச்சையே மேற்கோள் சான்றாக வைத்துக் கட்டுரை எழுதிப் பார்த்தார்கள். எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று கேரளத்துப் பிள்ளைகள் ஆட்டமான டப்பா களி. மலையாள விக்கிப்பீடியாவில் அதற்குப் படத்தோடு, விதிகளோடு கட்டுரை இருந்தது. சான்று மட்டும் இல்லை. கேரளத்தில் பாதிப் பேர் சின்ன வயதில் ஆடியிருப்பார்கள், அது சான்று ஆகாது. அமெரிக்கப் பத்திரிகைகள்வரை இந்த விவாதம் போனது. வாய்மொழியைச் சான்றாக ஏற்பது என்பது ஆங்கில விக்கிப்பீடியாவில் கொள்கையாகவில்லை. அந்தப் பக்கத்துப் பயமும் எனக்குப் புரிகிறது. வாய்மொழி என்று சொல்லிக்கொண்டு சாதிப் பெருமைக் கதைகளை இறக்கினால் என்ன செய்வது? நம் ஊரில் அதற்குத்தான் முதலில் வரிசை கட்டி நிற்பார்கள்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது அதைத் தூக்கி நிறுத்தியவர் மயூரநாதன், மறுபடியும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். நூறு வருஷத்துக்குப் பிறகு, ஊரை விட்டு வளைகுடாவில் இருந்தபடி. 2017இல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டியது. அங்கே வீடியோ கேமுக்கு 'நிகழ்பட ஆட்டம்' என்று பெயர். அந்தச் சொல்லைத் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கேம் என்றால் கேம்தான். ஆனால் 'ஆட்டம்' என்று ஒரு சொல்லைப் போட்டதால் பல்லாங்குழியும் பாம்பும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டன. கேம் என்றும் விளையாட்டு என்றும் பிரித்திருந்தால் இது நடந்திருக்காது.

இதற்கிடையே கேம்களே களஞ்சியத்தை விழுங்க ஆரம்பித்துவிட்டன. 1991இல் தொடங்கிய 'சிவிலைசேஷன்' தொடருக்குள் 'சிவிலோபீடியா' என்று ஒரு களஞ்சியமே இருக்கிறது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'க்கு 2022இல் வந்த இந்தியத் தொகுதியில் 'திராவிடர்' ஒரு நாகரிகம். ராஜேந்திர சோழன் கதை உண்டு, உருமி வீசும் வீரன் உண்டு, திரிசடை என்று ஒரு கப்பல் உண்டு. வேடிக்கை என்னவென்றால் அந்தத் திராவிடரும் மற்ற எல்லோரையும்போல இருண்ட காலம், நிலவுடைமைக் காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் என்றுதான் ஏற வேண்டும். தென்னிந்தியாவில் நிலவுடைமைச் சமூகம் இருந்ததா, ஆசிய உற்பத்திமுறையா என்று நம் முன்னோடிகள் பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டார்கள். இங்கே 500 உணவு கட்டினால் நிலவுடைமை திறந்துவிடும். இந்தப் பக்கம், டொராண்டோவிலிருந்து 2023இல் வந்த 'வெண்பா' வேறு காரியம் செய்தது. கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பேடு, அழிந்த வரிகளை ஆடுகிறவர் சமைத்துச் சமைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். 2024இல் பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருது. அதற்கு ஆங்கிலக் களஞ்சியத்தில் கட்டுரை உண்டு, 'உருவாக்கம்' உண்டு. விருதும் மதிப்புரையும் இருக்கின்றனவே.

பள்ளிப்பட்டுக்குத் திரும்புகிறேன். கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தபோது எங்கள் ஊர் ஆந்திரத்தில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. மங்கலங்கிழார், ம.பொ.சி. என்று நடந்த எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1இல்தான் திருத்தணியோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு மாறினதே தவிர வீடுகளுக்குள் இரண்டு மொழியும் அப்படியே கிடந்தன. தமிழ்க் களஞ்சியத்தில் பல்லாங்குழி, தெலுங்குக் களஞ்சியத்தில் வாமன குண்டலு. இரண்டுக்கும் இடையே ஓர் இணைப்பு போட்டிருப்பார்கள். எங்கள் தெருவில் இரண்டும் ஒரே பலகை.

போன வருஷம் ஓர் இணையக் களஞ்சியத்துக்காக அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ஆயாவையும் எதிர்வீட்டு அவ்வாவையும் திண்ணையில் உட்காரவைத்து, பாவாணர் தலைப்புகளையே நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆடுகருவி வரை தகராறு இல்லை. ஆடுமுறையில் ஆரம்பித்தது. குழியில் நாலு சேர்ந்தால் பசு. பசு குழிக்காரிக்கு என்றார் ஆயா. நாலாவது காயைப் போட்டவளுக்குத்தான் என்றார் அவ்வா. அதெப்படி, என் வீட்டில மேஞ்ச பசு உனக்கா என்று ஆயா. மேய்ச்சது யாரு, நீயா நானா என்று அவ்வா, பாதி தெலுங்கில். எது சரியான விதி என்று நான் கேட்டதும் இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஆடறதுக்கு முன்னாடி பேசிக்கணும் தம்பி, அதான் விதி என்றார் ஆயா. இன்னிக்கு உன் கணக்கு, நாளைக்கு என் கணக்கு என்று முடிவாயிற்று. கட்டுரையில் இதையெல்லாம் எழுதினேன். 'விதிகள் தெளிவாக இல்லை, சான்று தேவை' என்று இரண்டு வார்ப்புருவைத் தலையில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார் யாரோ ஒருவர். விதிப்படி அவர் செய்தது சரிதான்.

நான் இன்னும் அதை மாற்றவில்லை. ஆயா கணக்குப்படி ஆடின அன்றைக்கு ஆயாதான் ஜெயித்தார். அவ்வா மூன்று குழிக்குக் காய் இல்லாமல் கிடந்தார். பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தார் சுற்ற எழுந்து போனார்கள். ஒரு தாருக்கு இப்போது என்ன கூலி என்று நோட்டில் கடைசியாக எழுதி வைத்திருக்கிறேன், எந்தத் தலைப்பின்கீழும் இல்லாமல்.